அம்புலியைக் கூப்பிட்டது யார்?

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்றுகூடக் கண்ணின் பெயரில் இல்லை. செங்கீரையில் தலை அசைகிறது, சப்பாணியில் கை தட்டுகிறது, முத்தத்துக்கு வாய், வருகைக்குக் கால். கண் எங்கே போச்சு? அது ஏழாவதான அம்புலிப் பருவத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வகை நூலுக்குக் காவிரிக் கரையில் நீண்ட வரலாறு உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் சோழ அவைப் புலவர் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ், இன்று கிடைப்பவற்றில் பழையது. 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் வைத்தீசுவரன்கோயில் முருகன்மேல் பாடினார். 19-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒருவரே பத்துப் பிள்ளைத்தமிழ் எழுதினார். இதில் அம்புலிதான் கஷ்டமான பகுதி. "பிள்ளைக்கவிக்கு அம்புலி புலி" என்றே ஒரு சொலவடை உண்டு. சாமம், பேதம், தானம், தண்டம் நான்கையும் காட்டி, நிலாவைக் குழந்தையோடு விளையாட வரச் சொல்ல வேண்டும்.

யாருடைய ஆசைக்காக இத்தனை பேச்சு? பெரியாழ்வார் பாசுரங்களிலேயே இதற்குப் பதில் இருக்கு. கண்ணன் நிலாவைச் சுட்டிக் காட்டி அழைக்கிறான். யசோதை அவனுக்காக நிலாவிடம் பேசுகிறாள். அதாவது தொடங்கியது குழந்தை. பெரியவர் அதன் பார்வை போன பக்கம் போகிறார்.

இனி ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். 1975-ல் ஸ்கைஃப், புரூனர் இருவரும் எதிரில் இருப்பவர் தலை திருப்பிப் பார்த்தால் குழந்தையும் அந்தப் பக்கம் பார்க்கிறதா என்று சோதித்தார்கள். 2 முதல் 4 மாதக் குழந்தைகளில் சுமார் 30 சதவீதம் பார்த்தன. 11 முதல் 14 மாதத்தில் எல்லாமே பார்த்தன. அது குழந்தை நம்மைப் பின்தொடர்வது. மறுபக்கமும் உண்டு. 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், திரையில் ஒரு சிவப்பு வட்டத்தைப் பார்த்தால் வேறு படம் தோன்றும்படி செய்தார்கள். 6, 8 மாதக் குழந்தைகள் சீக்கிரமே அதைப் பிடித்துக்கொண்டன. வட்டத்தைப் பார்த்துவிட்டு, படம் வரும் இடத்துக்கு முன்கூட்டியே கண்ணைத் திருப்பின. கண் என்பது வாங்கிக்கொள்ளும் ஜன்னல் மட்டும் இல்லை, சுவிட்சும்தான்.

சுமார் ஒரு வயதில் கை நீட்டிக் காட்டுவது வருகிறது. எலிசபெத் பேட்ஸ் 1975-ல் அதை இரண்டாகப் பிரித்தார்: "அது எனக்கு வேணும்", "அதைப் பாரேன்". இரண்டாவதில் குழந்தை பொருளைக் காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும், நாமும் பார்த்தோமா என்று. மூன்றாம் மாதம் காப்பு என்று ஒற்றைப்படை மாதங்களாக எண்ணும் மரபுக் கணக்கில் அம்புலி 15-ஆம் மாதம். கிட்டத்தட்டப் பொருந்துகிறது! புலவர்கள் ஆய்வு செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் பார்த்த குழந்தை பாட்டுக்குள் வந்திருக்கும், அவ்வளவுதான்.

நிலா இதற்கு ரொம்பப் பொருத்தமான பொருள். யாராலும் எடுத்துத் தர முடியாது. ஆக அந்தப் பார்வையால் கிடைப்பது நிலா இல்லை. பக்கத்தில் இருப்பவரின் பேச்சு. ஒட்டக்கூத்தர் ஒரு பேரரசனைப் பிள்ளையாக்கிப் பாடியதிலும் இந்தப் பொருத்தம் இருக்கு: அரசன் ஆணைபோலவே, குழந்தை பார்த்தால் பெரியவர்கள் வேலை செய்கிறார்கள்.

இப்போது நம் வீடுகளில் சோறு ஊட்டும் நேரத்தில் நிலாவுக்குப் பதில் போன். வெளிச்சம் அதிலும் உண்டு. ஆனால் ஓடும் வீடியோ, குழந்தை எங்கே பார்க்கிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. நிலாவும் பார்ப்பதில்லைதான், நிலா காட்டியபோது இடுப்பில் வைத்திருந்தவர் பார்த்தார்.