அழகக்கோனார் எழுப்பிய கோட்டை

இத்தாலி நாட்டுப் பெராரா நகரில், எஸ்தே என்னும் பிரபுக் குடும்பத்தார் 1385ஆம் ஆண்டில் அகழி சூழ்ந்த கோட்டை ஒன்றைக் கட்டத் தொடங்கினர். வரிச்சுமை பொறாது கிளர்ந்த சொந்தக் குடிமக்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்வதே அவர்தம் நோக்கம். ஏறத்தாழ அதே காலத்தில் ஈழத்திலும் ஒரு பிரபுக் குடும்பம் கோட்டை எழுப்பியது. அதற்கும் வரியே காரணமாயிற்று. அக்குடும்பத்தார் கம்பளை அரசின் அமைச்சராய் விளங்கிய அழகக்கோனார் ஆவர்.

மகாவலி கங்கைக் கரையிலுள்ள கம்பளை, நான்காம் புவனேகபாகு காலத்தில் தலைநகராயிற்று. அந்நாளில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் ஆதிக்கம் தெற்கிலும் பரவியிருந்தது. அவர்தம் ஆட்கள் சிங்கள நாட்டில் வரி தண்டினர். மூன்றாம் விக்கிரமபாகுவின் அமைச்சர் நிசங்க அழகக்கோனார், நீர்நிலையும் சதுப்பும் சூழ்ந்த இடத்தில் கோட்டை கட்டி, உணவுப்பொருள் சேமித்த பின்னரே, வரி தண்டுவோரைத் துரத்தினார். அதுவே ஜயவர்த்தனபுரக் கோட்டை. பின்னர் எதிர்த்து வந்த வடபுலப் படைகளும் தோல்வியுற்றன.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. அழகக்கோனாரின் முன்னோர் தென்னிந்தியாவினின்று வந்தவர். அவரோ சிங்கள அரசைக் காத்தார். பௌத்த சங்கத்தைச் சீர்திருத்தவும் துணைநின்றார். அக்காலக் கலையும் இவ்வாறே கலந்து வளர்ந்தது. கண்டிக்கு அண்மையில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்த கடலாதெனிய விகாரை தென்னிந்தியச் சிற்பமரபில் அமைந்தது; அதன் தலைமைச் சிற்பி கணேசுவராசாரி. அதே காலத்து இலங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களத்தோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. அரசர் பொருதிய காலத்திலும் மொழிகள் பகைத்தில.

எனினும் குடும்பத்தின் செல்வாக்கு நிலைத்திலது. 1411ஆம் ஆண்டில் சீனத் தளபதி செங் ஹே, வீர அழகேசுவரரைச் சிறைப்படுத்திச் சீனாவுக்குக் கொண்டுசென்றார். சீனப் பேரரசர் பின்னர் அவரை விடுவித்தார். ஆயின் இழந்த அதிகாரம் அக்குடும்பத்துக்கு மீளவில்லை. கோட்டையிலிருந்து நாடாண்ட பெருமை ஆறாம் பராக்கிரமபாகுவுக்கே வாய்த்தது. கட்டியவர் குடும்பம் மறைந்தது. பகைவரைத் தடுக்க எழுந்த மதில் பேரரசொன்றின் தலைநகராய் மாறியது.