வௌவாலை அழித்தால் நிபா போய்விடுமா?

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தால் போதும், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருத்தர் கேட்பார்: "இந்த வௌவாலையெல்லாம் ஏன் இன்னும் விட்டு வெச்சிருக்காங்க?" நீங்களே கேட்டிருக்கலாம்.

பயம் நியாயமானதுதான். 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் பரவிய நிபாவுக்கு 17 பேர் பலியானார்கள். பேராம்பிரா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த நர்ஸும் அதில் ஒருவர். 2019, 2021, 2023, 2024 என்று கேரளத்தில் அது திரும்பத் திரும்ப வந்தது. அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இல்லை. வைரஸ் இயற்கையாகக் குடியிருப்பது பழந்தின்னி வௌவாலின் உடலில்.

சரி, அப்போ வௌவாலைக் கொன்னுட்டா முடிஞ்சுதா?

உகாண்டாவில் அதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். அங்கே கிட்டாகா சுரங்கத் தொழிலாளர்களுக்கு 2007-ல் மார்பர்க் வைரஸ் தொற்றியது. அதுவும் பழந்தின்னி வௌவாலிடம் இருந்து வருவதுதான். சுரங்கத்தில் இருந்த வௌவால்களை ஒட்டுமொத்தமாக அழித்தார்கள். பிறகு புது வௌவால்கள் வந்து குடியேறின. 2012-ல் அதே வட்டாரத்தில் மறுபடி மார்பர்க், இந்த முறை இன்னும் பெரிதாக. சுரங்க வௌவால்களைச் சோதித்தபோது, முன்பு 5 சதவீதமாக இருந்த தொற்று 13 சதவீதமாகியிருந்தது. காலியான இடத்துக்கு, அதுவரை வைரஸையே பார்க்காத வௌவால்கள் வந்தது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

பசித்த வௌவால்

இதைவிட முக்கியமான பாடம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே நிபாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸ் வௌவாலிடம் இருந்து குதிரைக்கும், குதிரையிடம் இருந்து மனிதருக்கும் தாவுகிறது. 25 ஆண்டுத் தரவுகளை அலசிய ஓர் ஆய்வு 2022-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. குளிர்காலத்தில் பூக்கும் காடுகளை வெட்டியதால் வௌவால்களுக்குத் தீனி இல்லை. சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து, பண்ணைகளுக்கும் ஊர்களுக்கும் பக்கத்தில் வந்து தங்கின. பசியில் வாடும் வௌவாலின் உடல் வைரஸையும் அதிகமாக வெளியேற்றுகிறது. மிச்சமிருந்த காடு குளிர்காலத்தில் பூத்துக் குலுங்கிய ஆண்டுகளில் அவை அங்கே திரும்பிப் போயின. அப்போது குதிரைகளுக்குத் தொற்றே வரவில்லை.

மருந்து இல்லாமல், ஊசி இல்லாமல், பூத்த மரங்களே செய்த வேலை இது.

நம் சட்டம் பழந்தின்னி வௌவாலை ரொம்ப காலம் எலி, காக்காவோடு சேர்த்துத் தொல்லை தரும் உயிரினப் பட்டியலில்தான் வைத்திருந்தது. 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. இலுப்பை மாதிரியான மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பதும் விதை பரப்புவதும் இதே வௌவால்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அப்போ நாம என்ன பண்றது?

வங்கதேசத்தில் நிபா பெரும்பாலும் பச்சையாகக் குடிக்கும் ஈச்சஞ்சாறு வழியாக வருகிறது. ராத்திரியில் பானைக்குள் வழியும் சாற்றை வௌவால் நக்கிவிட்டுப் போகும். அங்கே மரத்தில் சாறு வடியும் இடத்தையும் பானையையும் மூங்கில் தட்டியால் மூடுகிறார்கள். வௌவாலுக்கும் சேதமில்லை, சாற்றுக்கும் சேதமில்லை.

உங்கள் வீட்டு மரத்தில் வௌவால் வந்தால் பட்டாசு வெடிக்காதீர்கள், மரத்தை வெட்டாதீர்கள். கூட்டம் கலைந்து பக்கத்துத் தெருவுக்குப் போகும், அவ்வளவுதான். கடிபட்ட கொய்யா, மாம்பழத்தைத் தூக்கிப் போடுங்கள். மற்றதைக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்கள். செத்துக் கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். ஒன்றுக்கு மேல் கிடந்தால் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதற்கு முன் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ போன் போடுங்கள்.