மல்லிகையை எந்த மாதம் வெட்டுவது?



என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி சென்ற வாரம் நெய்வேலியிலிருந்து போன் செய்தாள். "சார், பூச்செடிகளை மார்ச்சில் வெட்டணும்னு ஒரு வெளிநாட்டு வீடியோவில் சொல்றாங்க. நீங்க கொடுத்த மல்லிகையை அதுவரை விட்டு வைக்கவா?" விடாதே அம்மா என்றேன். காரணத்தை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மார்ச் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. அங்கே பனி விலகிச் செடி கண்விழிக்கும் காலம் அது. வெள்ளைக்காரர்கள் 1835-இல் சென்னையில் தோட்டக்கலைச் சங்கம் வைத்தார்கள், 1848-இல் உதகையில் தாவரவியல் பூங்கா அமைக்கத் தொடங்கினார்கள். உதகைக் குளிருக்கு அவர்கள் ஊர்க் கணக்கு ஓரளவு ஒத்துவரும். நம் கடலூர்ப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் கணக்கு. குண்டுமல்லியை நவம்பர் கடைசியில், மழை ஓயும் நேரம் பார்த்து, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிட வேண்டும். புதுத்தளிரில்தான் பூ. மார்ச்சில் மொட்டு வந்துவிடும். அப்போது வெட்டினால் அந்தப் பருவத்துப் பூவையே வெட்டுகிறோம். முல்லைக்கு ஜனவரி கடைசி. ரோஜாவுக்கு அக்டோபர். காகிதப்பூவை ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் வெட்டலாம். (1767-இல் பிரேசிலில் அதைக் கண்டெடுத்த பிரெஞ்சுத் தாவரவியலார் கொம்மெர்சோன், ஆனால் பெயர் கிடைத்ததோ கப்பல் தலைவர் பூகன்வீலுக்கு!) அரளியை வெட்டினால் கையைக் கழுவுங்கள், பால் விஷம்.

இந்த வேலைக்குக் கவாத்து என்று பெயர். சிப்பாய்களின் அணிவகுப்புப் பயிற்சிக்கும் அதே சொல்தான். வகுப்பில் இதைச் சொன்னால் என்.சி.சி. பையன்கள் சிரிப்பார்கள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்தன. எங்கள் வீட்டில் முருங்கை போயிற்று, ஆளுயரச் செம்பருத்தி பிளந்தது. ஒரு மாதம் முன்பு வெட்டிய மல்லிகை மட்டும் முழங்கால் உயரத்தில் அப்படியே நின்றது.

அந்த மல்லிகைக்கு ஒரு வரலாறு உண்டு. 1956-இல் நிலக்கரி நிறுவனம் பதிவாகி, அடுத்த ஆண்டு மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அந்தக் காலத்தில் நிலம் கொடுத்து வெளியேறிய குடும்பங்களில் என் அம்மாவின் பிறந்த வீடும் ஒன்று. கதவு, நிலை, அம்மி எல்லாம் வண்டியில் ஏறின. பாட்டி மட்டும் கார்த்திகையில் வெட்டிய மல்லிகைக் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வீடு இருந்த இடம் இன்று பள்ளம். குச்சி வடலூருக்கு வந்து வேர்விட்டது, அதன் பிள்ளைச்செடிதான் அந்த மாணவி வீட்டில் நிற்பது. என் வீட்டுச் செடி இரண்டு வருடம் முன்பு வேரழுகிப் போய்விட்டது.

அதனால்தான் அவளிடம் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன். ஞாயிறு காலை நானே கத்தரியோடு போகிறேன். குச்சிகளை எறியாமல் சாக்கு நனைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வேண்டியவர்கள் மாலையில் வீட்டுக்கு வாருங்கள், ஆளுக்கு நான்கு தருகிறேன்.