இருட்டறையின் வாரிசு

ஒளிப்படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை ஒளிப்படக் கலையுடனேயே பிறந்ததாயின், அந்நம்பிக்கையோடு விளையாடும் கலையும் நெடுநாள் பிந்திப் பிறந்ததன்று. 1857ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் நடைபெற்ற கலைக் கண்காட்சியில், இங்கிலாந்தில் குடியேறியிருந்த சுவீடன் நாட்டவரான ஆஸ்கார் ரைலாண்டர், 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் பெரியதோர் ஒளிப்படத்தைக் காட்சிக்கு வைத்தார். முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவுகளை அச்சிட்டு ஒன்றாக இணைத்து உருவாக்கிய படம் அது. அதில் காணப்படும் மாந்தர் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடி நின்றவர்கள் அல்லர். ரைலாண்டர் இதனை மறைத்தாருமில்லை. விக்டோரியா அரசியார் அதன் படியொன்றை விலைகொடுத்து வாங்கினார்.

சோவியத்து ஒன்றியத்தில் நிகழ்ந்தது வேறு வகை. மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகே காணப்பட்ட நிக்கொலாய் எழோவ், 1940இல் கொல்லப்பட்ட பின்னர், அதே படத்தின் பிற்காலப் பதிப்பில் இல்லை. அவர் நின்ற இடத்தில் கால்வாய் நீரே காணப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே, எவரையும் ஏமாற்றும் நோக்கமின்றி, தமிழ்நாட்டுச் சிறுநகர ஸ்டூடியோக்களில் நெகடிவின்மேல் கூரிய பென்சிலை ஓட்டி மணப்பெண்ணின் அம்மைத் தழும்பை மறைத்த 'டச்சிங்' கலைஞர்களையும் வைத்தெண்ண வேண்டும். நோக்கம் எதுவாயினும் இவையனைத்தும் கைவேலை. கை பட்ட இடத்தில் தடம் எஞ்சியது. பூதக்கண்ணாடி கொண்டு பார்ப்பவனுக்குத் தூரிகையின் ஓட்டமோ பென்சிலின் கீறலோ அகப்படாமற் போவது அரிது.

அந்தத் தடம் எவ்வாறு மறைந்தது என்பதே கணிப்பொறிவழிப் படத்திருத்தத்தின் வரலாறு.

ரைலாண்டரின் படத்துக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1957இல், அமெரிக்கத் தேசிய நியமங்கள் அலுவலகத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்பார், மூன்று மாதக் குழந்தையாகிய தம் மகனின் படமொன்றைச் சுழலும் உருளையில் ஒட்டி, 'சீக்' என்னும் கணிப்பொறிக்குள் செலுத்தினார். ஐந்து சென்டிமீட்டர் சதுரமான அப்படம் பக்கத்துக்கு 176 கட்டங்களாக, மொத்தம் 30,976 புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு புள்ளியும் கருப்பு அல்லது வெள்ளை. இடைப்பட்ட சாயலை அந்தப் பொறி அறியாது. ஆகவே ஒளியின் எல்லையை மாற்றி மாற்றிப் பலமுறை வருடி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக்கிச் சாம்பல் நிறங்களைப் பெற்றனர். படம் மங்கலானதுதான். ஆயினும் குழந்தையின் முகம் அன்று எண்களின் அட்டவணையாயிற்று. எண்ணாகிவிட்ட ஒன்றைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். கூட்டியதற்கும் கழித்ததற்கும் அந்த எண்ணின்மேல் எந்தக் கீறலும் விழாது.

எண்ணுக்கும் படத்துக்கும் உள்ள உறவைச் சாதாரண மக்கள் கண்ணாரக் காணும் வாய்ப்பு 1965 ஜூலையில் கிட்டியது. மாரினர் 4 விண்கலம் செவ்வாய்க் கோளைக் கடந்து சென்றபோது அனுப்பிய படங்கள், ஒரு படத்துக்கு 200க்கு 200 புள்ளிகளென, வானொலி வழியே மிக மெதுவாக வந்துகொண்டிருந்தன. கணிப்பொறி படத்தை உருவாக்கித் தரும்வரை காத்திருக்கப் பொறாத கலிபோர்னியப் பொறியாளர்கள், எண்கள் அச்சான காகித நாடாக்களைச் சுவரில் வரிசையாக ஒட்டி, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வண்ணமென வகுத்துக்கொண்டு, வண்ணக் கட்டிகளால் கையாலேயே நிரப்பினர். அருகிலிருந்து எடுத்த செவ்வாயின் முதற்படம் இவ்வாறு கோலமிடுவதுபோல வெளிப்பட்டது!

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ரிச்சர்டு ஷூப் உருவாக்கிய 'சூப்பர்பெயின்ட்' திரையில் வண்ணந்தீட்ட வழி செய்தது. பின்னர் இசுரேல் நாட்டின் சைடெக்ஸ் நிறுவனம் அச்சகங்களுக்கென்று பெரும் பொறிகளைச் செய்தது. பெரும் பத்திரிகைகளும் பெரிய அச்சு நிறுவனங்களுமன்றிப் பிறர் எண்ணிப் பார்க்கவியலாத விலை அவற்றுக்கு. அத்தகைய வசதி படைத்த நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 1982 பிப்ரவரியில் தன் அட்டைக்காக ஒரு காரியம் செய்தது. கீசாவின் பிரமிடுகளைக் காட்டும் அகலவாட்டுப் படமொன்று அவர்களிடம் இருந்தது, அட்டையோ நெடுவாட்டுடையது. ஆகவே இரண்டு பிரமிடுகளைச் சற்று நெருக்கி வைத்தனர். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக அசையாதவை ஓர் அட்டைக்காக அசைந்தன. படமெடுத்தவர் சில அடி தள்ளி நின்றிருந்தால் இதே காட்சிதானே கிடைத்திருக்கும் என்று இதழின் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது. சொல்வது எளிது, அவர் அங்கே நிற்கவில்லை என்பதே கேள்வி.

1984இல் மேக்கின்டாஷ் கணிப்பொறியுடன் வந்த 'மேக்பெயின்ட்' வெறும் கருப்பு வெள்ளைச் செயலி. அதனைப் படைத்த பில் அட்கின்சன் இன்றுவரை வழங்கும் ஒரு மரபைத் தந்தார். தெரிந்தெடுத்த பகுதியைச் சுற்றி எறும்புச் சாரிபோல் ஊர்ந்து செல்லும் புள்ளிக்கோடும், சுருக்குக் கயிறு, வண்ண வாளி முதலான கருவிச் சின்னங்களும் அதன்வழிப் பரவியவை.

மூன்றாண்டுகளுக்குப் பின் மிச்சிகன் மாநிலத்து அன் ஆர்பரில், முனைவர் பட்ட மாணவராயிருந்த தாமஸ் நோல் ஒரு சிறு தொல்லையை எதிர்கொண்டார். அவருடைய மேக்கின்டாஷ் பிளஸ் திரைக்குக் கருப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். செய்தித்தாள் படங்களில் புள்ளிகளின் நெருக்கமும் விலகலும் சாம்பல் நிறமாகத் தோன்றுமன்றோ, அவ்வண்ணமே புள்ளிகளைத் தூவிச் சாயலைக் காட்டும் ஒரு சிறு நிரலை எழுதினார். 'டிஸ்ப்ளே' என்பது அதன் பெயர். திரைப்படத் தந்திரக் காட்சிகளுக்குப் பேர்பெற்ற இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் பணியாற்றிய அவருடைய சகோதரர் ஜான் நோல் அதனைக் கண்டார். தம் நிறுவனத்தார் விலையுயர்ந்த பொறிகளில் செய்துவந்ததை இச்சிறு பெட்டியில் செய்யலாம் என்பது அவருக்கு விளங்கிற்று. இதைச் சேர், அதைச் சேர் என்று அவர் வற்புறுத்தியதன் பயனே 'ஃபோட்டோஷாப்'. முதலில் பார்னிஸ்கான் என்னும் வருடியோடு ஏறத்தாழ 200 படிகள் விற்பனையாயின. 1988இல் அடோபி நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டு, 1990 பிப்ரவரியில் முதற்பதிப்பு வெளிவந்தது. காண வந்தோருக்கெல்லாம் செயல் விளக்கம் காட்ட ஜான் நோல் பயன்படுத்தியது, போரா போரா தீவின் கடற்கரையில் தாம் எடுத்த, தம் வருங்கால மனைவியின் படம்.

இச்சகோதரர்களின் தந்தை கிளென் நோல் அணுப் பொறியியல் பேராசிரியர். வீட்டின் அடித்தளத்தில் ஓர் இருட்டறை வைத்திருந்தவர். தாமஸ் அங்கே பழகியவர். இச்செய்தி வெறும் குடும்ப விவரமன்று. ஃபோட்டோஷாப்பின் கருவிப் பெயர்கள் பல அத்தகைய இருட்டறையின் சொற்களே. அச்சுத்தாளின்மேல் விழும் ஒளியை ஒரு குச்சியில் பொருத்திய அட்டையால் மறைத்து அவ்விடத்தை வெளிறச் செய்வது 'டாட்ஜ்'; கையைக் குவித்து ஓரிடத்தில் மட்டும் ஒளியைக் கூடுதலாக விழச் செய்து கருக்க வைப்பது 'பர்ன்'. பின்னாளில் செயலியில் சேர்ந்த இவ்விரு கருவிகளின் சின்னங்களும் அந்தக் குச்சியட்டையும் குவித்த கையுமேயாம். இருட்டறையையே கண்டிராத ஒரு தலைமுறை அவற்றின் பொருள் அறியாமலே அவற்றைச் சொடுக்கி வருகிறது.

'அன்ஷார்ப் மாஸ்க்' என்னும் பெயரோ புதியவரைத் திகைக்க வைப்பது. படத்தைக் கூர்மையாக்கும் கருவிக்குக் கூர்மையற்ற திரை என்று பெயரிடுவானேன்? பழைய முறையில், நெகடிவிலிருந்து சற்றே மங்கலான ஒரு பாசிடிவைப் படச்சுருளில் எடுத்து, அதனை நெகடிவோடு சேர்த்து வைத்து அச்சிடுவர். மங்கல் படி பரந்த ஒளிவேறுபாடுகளைத் தணித்துவிட, நுண்ணிய விளிம்புகள் மட்டும் மேலோங்கித் தெரியும். கணிப்பொறி அதே வேலையைக் கழித்தலால் செய்கிறது. மூலத்திலிருந்து மங்கலாக்கிய படியைக் கழித்து, எஞ்சிய வேறுபாட்டை மூலத்தோடு மீண்டும் கூட்டுகிறது. எவ்வளவு, எத்தனை புள்ளி அகலம், எந்த அளவு வேறுபாட்டுக்கு மேல் என்ற மூன்றையும் பயனர் தீர்மானிக்கலாம். அளவு மீறினால் தலைமுடியைச் சுற்றி வெண்ணிற ஒளிவட்டம் தோன்றும். மணவிழா ஆல்பங்களில் இந்தத் 'திருவாசி'யைக் கண்டவர் பலர்.

இவையெல்லாம் மரபுவழிச் சொத்து. இருட்டறையில் மூதாதை இல்லாத கருவி ஒன்றுண்டு. முதற்பதிப்பிலேயே இடம்பெற்ற ரப்பர் முத்திரைக் கருவி அது. படத்தின் ஓரிடத்துப் புள்ளிகளை அள்ளி மற்றோரிடத்தில் பதிப்பது அதன் தொழில். பழைய டச்சிங் கலைஞர் மறைக்க வேண்டியதை வண்ணத்தால் மறைத்தார். இதுவோ படத்தை அப்படத்தின் சொந்தச் சதையாலேயே மறைத்தது. புல்லை மறைப்பது அதே வெளியின் புல். வானை மறைப்பது அதே நாளின் வான். தூரிகையின் தடத்தைத் தேடிய கண்ணுக்கு இனி வேலையில்லை. எனினும் அதற்கும் ஒரு குறை இருந்தது: ஒரே அச்சு இருமுறை விழும். 2006இல் பெய்ரூட் நகரின்மேல் குண்டு வீழ்ந்த புகையை மிகுத்துக் காட்டிய படமொன்றை ராய்ட்டர் நிறுவனம் வெளியிட்டபோது, புகைச்சுருள்கள் ஒன்றையொன்று ஒத்திருந்ததை வாசகர்களே கண்டுபிடித்தனர். அந்நிறுவனம் அதே படக்காரரின் 920 படங்களையும் தன் தொகுப்பினின்று விலக்கிக்கொண்டது. ஒரு படத்தின் பொய் பிற படங்களின் மெய்யையும் உண்டுவிட்டது.

1994 இரு வகையில் நினைவிற்குரிய ஆண்டு. அவ்வாண்டு ஜூனில் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தை டைம் இதழ் கருமை கூட்டி வெளியிட, அதே வாரத்தில் நியூஸ்வீக் அதனை மாற்றாமல் வெளியிட்டது. கடைகளில் அருகருகே தொங்கிய இரண்டு அட்டைகளும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்தன. நிறக் காழ்ப்பு நிறைந்த நாட்டில் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரை மேலும் கருப்பாக்கியது கலையுரிமை என்று சொல்லித் தப்பக்கூடியதன்று. அவ்வாண்டிலேயே வெளிவந்த ஃபோட்டோஷாப்பின் மூன்றாம் பதிப்பு 'லேயர்' எனப்படும் அடுக்குகளை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் ஒன்றை ஒட்டி இடத்தில் அமர்த்திவிட்டால் கீழே இருந்தது அழிந்தது அழிந்ததுதான். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல ஒவ்வொரு மாற்றத்தையும் தனியே வைத்துக்கொள்ள இப்போது வழி பிறந்தது. அடுக்குகளோடு காக்கப்பட்ட கோப்பு, செய்த வேலையையெல்லாம் ஒளியாமல் சொல்லும். ஆனால் அந்தக் கோப்பு மேசையைவிட்டு வெளியேறுவதில்லை. அச்சுக்குச் செல்வது அடுக்குகளை ஒன்றாக நசுக்கிய தட்டைப் படமே.

இதே அடுக்குகள் தமிழ்நாட்டில் வேறொரு பணியும் செய்தன. தந்தை இறந்தபின் மணந்த மகனோடு அத்தந்தையை நிற்க வைத்துத் தரும்படி ஸ்டூடியோக்காரரிடம் கேட்கும் வழக்கம் பரவலாயிற்று. அப்படம் பொய்யென்று அறியாதவர் அவ்வீட்டில் ஒருவருமில்லை. ஆயினும் நடுக்கூடத்தில் மாட்டி மாலையிடுவர். ரைலாண்டரின் மரபில் வைக்கத்தக்க படம் இது, எழோவை அழித்தவர்களின் மரபில் அன்று. மறுபுறம், பெரிய திரைகளில் நடிகர்களின் முகங்களைக் கட்டம் போட்டு வரைந்த சென்னைப் பதாகை ஓவியர்களின் தொழிலை, கணிப்பொறியில் வடிவமைத்து அச்சிட்ட ஃபிளெக்ஸ் பதாகைகள் பறித்துக்கொண்டன.

செயலி திறக்கும்போது தோன்றும் முகப்பில் முதற்பதிப்பில் நான்கே பெயர்கள் இருந்தன. பின்னர் அப்பட்டியல் நீண்டு, சீதாராமன் நாராயணன் என்னும் பொறியாளரின் பெயர் பல பதிப்புகளில் தொடர்ந்து இடம்பெற்றது. கருவிகளின் பெயர் தெரியாதவர்களும் காத்திருந்த நொடிகளில் அப்பெயரை வாசித்தனர். 1996இல் பெர்க்லி மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிசும் வெளியிட்ட 'கிம்ப்', விலையின்றி எவரும் பெறத்தக்க கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது. ஃபோட்டோஷாப் முதற்பதிப்பின் மூல நிரலை 2013இல் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் பொதுமக்கள் பார்வைக்குத் தந்தது. ஏறத்தாழ 1,28,000 வரிகள், பெரும்பகுதி பாஸ்கல் மொழியில். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தாமஸ் நோல் ஒருவர் எழுதியவை.

ரப்பர் முத்திரையின் குறை மெல்ல மெல்ல நீங்கியது. 2002இல் வந்த 'ஹீலிங் பிரஷ்' அள்ளிய தோலின் இழையை மட்டும் கொண்டு, நிறத்தையும் ஒளியையும் பதியும் இடத்துக்கேற்பச் சரிசெய்தது. 2010இல் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தானே நிரப்பும் வசதி வந்தது. 2023இல் வந்த ஆக்கமுறை நிரப்பியோ அள்ளுவதுமில்லை, ஒட்டுவதுமில்லை. வேண்டியதைச் சொல்லால் கேட்டால், முன்பு எண்ணிலாப் படங்களில் பயின்றதைக்கொண்டு எந்தப் படத்திலும் இல்லாத புள்ளிகளை இயற்றித் தருகிறது. இருமுறை விழுந்த அச்சைத் தேடியவர்களுக்கு இங்கே அச்சே இல்லை.

படத்துக்குள் தடம் இல்லாதபோது, படத்துக்கு வெளியே ஒரு பதிவேடு வைக்கும் முயற்சி தொடங்கியது. கருவியைச் செய்த அடோபியே, மைக்ரோசாஃப்ட், பி.பி.சி. முதலானவற்றுடன் சேர்ந்து 2021இல் இதற்கென ஒரு கூட்டமைப்பை நிறுவியது. எந்தக் கேமரா எடுத்தது, எந்தச் செயலி திருத்தியது, என்ன திருத்தம் என்பனவற்றை முத்திரையிட்ட குறிப்பாகக் கோப்புடன் இணைத்தனுப்புவது அதன் திட்டம். குறிப்பை மாற்றினால் முத்திரை உடைந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் திரையில் தெரியும் படத்தை அப்படியே மற்றொரு கைப்பேசியால் படம்பிடித்துக்கொண்டால், அந்தக் குறிப்பு புதிய படத்தோடு கூட வருவதில்லை.