கந்தலில் பிறந்த சுரூபங்கள்

கடந்த திருவருகைக் காலத்தில் நம் பங்கின் மறைக்கல்விச் சிறார் குடிலுக்கான உருவங்களைத் தம் கைகளாலேயே செய்ய விரும்பினர். பழைய செய்தித்தாள்கள் கிழிக்கப்பட்டன. மைதாப் பசை காய்ச்சப்பட்டது. அதைக் கண்ட பெரியவர் ஒருவர், "சாமி, குப்பைக் காகிதத்திலா குழந்தை இயேசுவைச் செய்வது? ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நல்ல சுரூபமாகவே வாங்கிவிடலாமே" என்றார். பக்தியினால்தான் அவ்வாறு கேட்டார். எனினும் அக்கேள்விக்குக் கத்தோலிக்க மக்களின் வரலாறு முன்னரே விடை பகர்ந்திருக்கிறது. அவ்விடையை நாட நாம் இத்தாலியின் தென்கோடிக்குச் செல்லவேண்டும்.

இத்தாலி நாட்டின் வடிவம் காலணி ஒன்றை ஒத்தது என்பர். அதன் குதிகால் பகுதியில் அமைந்த பழம்பெரும் நகரம் லெச்சே. அங்கு வெட்டியெடுக்கப்படும் கல் மென்மையானது. ஆலய முகப்புகளில் பூவும் கொடியுமாய்ச் செதுக்குவதற்கு ஏற்றது. ஆனால் தோளில் சுமந்து பவனி செல்லவேண்டிய சுரூபத்துக்குக் கல் உதவுமா? பளிங்கோ தொலைவிலிருந்து வரவேண்டும், விலையும் மிகுதி. 1545 முதல் 1563 வரை நடைபெற்ற திரிதெந்தின் பொதுச்சங்கம், திருவுருவங்களுக்குச் செலுத்தும் வணக்கம் முறையானதே என்று தன் இறுதி அமர்வில் உறுதி செய்திருந்தது. பின்வந்த காலத்தில் ஊர்தோறும், பக்த சபைதோறும் சுரூபங்கள் தேவைப்பட்டன. அத்தேவைக்குக் கைகொடுத்தது காகிதம். இக்கலையை இத்தாலியர் 'கார்த்தாபேஸ்தா' என்பர். 'இடித்த காகிதம்' என்பது அதன் பொருள்.

அந்நாளைய காகிதம் மரக்கூழில் பிறந்ததன்று. உடுத்திக் கிழிந்த துணிக் கந்தல்களை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கியே ஐரோப்பியர் காகிதம் செய்தனர். எவரோ உடுத்துக் கழித்த கந்தல் காகிதமாயிற்று. எவரோ எழுதிக் கழித்த காகிதம் புனிதரின் திருவுருவாயிற்று.

இக்கலையை வளர்த்தவர்களும் பெருஞ்சிற்பிகள் அல்லர். லெச்சேயின் முடிதிருத்துவோர் வாடிக்கையாளர் வராத வேளைகளில் தம் கடைகளிலேயே அமர்ந்து இவ்வுருவங்களைச் செய்தனர் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பெயர் தெரிந்த தொடக்ககாலக் கலைஞருள் ஒருவர் பியெத்ரோ சுர்ஜெந்தே (1742–1827). பாடுபட்ட சுரூபங்களைச் செய்து புகழ்பெற்ற அவரை, 'கிறிஸ்துகளின் பேதுரு ஆசான்' என்று பொருள்படும் பெயரால் மக்கள் அழைத்தனர். அந்நகரில் உள்ள புனித கிளாரா ஆலயத்தின் விதானம் மரவேலைப்பாடு போலவே தோன்றும். அதுவும் 1738-ஆம் ஆண்டு காகிதத்தால் ஆனதே.

செய்முறை பொறுமையை வேண்டுவது. கம்பியால் கூடு அமைத்து, வைக்கோலைச் சுற்றி, நூலால் இறுகக் கட்டினால் உடல் உருவாகும். அதன்மேல் பசையில் தோய்த்த தாள்களை அடுக்கடுக்காக ஒட்டுவர். பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பர். இது நம் ஊரில் புத்தகம் கட்டுவோரும் அறிந்த முறையே. நன்கு உலர்ந்தபின், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கருவிகளால் ஆடை மடிப்புகளைச் சுட்டுச் சீராக்குவர். அதன் பின்னரே வெண்பூச்சும் வண்ணமும். எரிந்துபோகக் கூடிய காகிதமே சூடுபட்டு உறுதி பெறுவது வியப்பன்றோ! இன்று அந்நகரின் ஐந்தாம் சார்லஸ் கோட்டையில் இக்கலைக்கென்றே 2009 முதல் அருங்காட்சியகம் ஒன்று இயங்கிவருகிறது.

இவ்வரலாற்றை நாம் அறிந்தது காலந்தாழ்ந்தே. குருத்துவத்தின் தொடக்க ஆண்டுகளில் நாம் பணியாற்றிய சிற்றூர்க் கோவிலில், வியாகுல அன்னையின் பழைய சுரூபம் கை முறிந்துபோயிற்று. முறிந்த இடத்தில் தாள் அடுக்குகள் தெரிந்தன. 'வெறும் காகிதந்தானா!' என்று எண்ணிய நாம், அதை மண்ணில் புதைக்கச் செய்து, புதிய சுரூபம் ஒன்றை வாங்கி வைத்தோம். "எங்க மாதாவை என்ன செஞ்சீங்க, சாமி?" என்று மூதாட்டி ஒருவர் பல மாதங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று தலைமுறைக் கண்ணீரை அவ்வுருவம் கண்டிருந்தது. அந்தக் கையை ஒட்டுவதற்குச் சில தாள்களும் சிறிது பசையுமே போதுமானவையாய் இருந்தன. அது அப்போது நமக்குத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் சிறாருக்கும் பெரியவருக்கும் எடுத்துரைத்தோம். மயில்துத்தம் நச்சுடையது, பிள்ளைகளின் கைபடும் பசையில் அதைச் சேர்க்கவில்லை. மார்கழிக்கு முந்திய மழை வேறு விடவில்லை. ஈரம் காயுமுன் அடுத்த அடுக்கை ஒட்டியதால் முதல் இடையன் பூசணம் பூத்துக் கறுத்துப்போனான். அதன்பின் நாளுக்கு ஓர் அடுக்கு என்று காத்திருக்கப் பிள்ளைகள் கற்றுக்கொண்டனர். சூசையப்பர் சற்றே சாய்ந்து நின்றார்; முதுகுக்குப் பின்னால் கல் ஒன்றை முட்டுக்கொடுத்தோம்.

நள்ளிரவுத் திருப்பலியில் குழந்தை இயேசுவைக் குடிலில் கிடத்துமாறு அந்தப் பெரியவரையே அழைத்தோம். இரு கைகளிலும் ஏந்திய அவர், "இவ்வளவு இலேசா இருக்காரே, சாமி" என்றார். நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

அவ்வுருவம் இப்போது கோவில் அலமாரியில், பழைய வேட்டித் துணியில் பொதிந்து வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த விழாவுக்குள் கையோ காலோ முறிந்தால், ஒட்டத் தெரிந்த பிள்ளைகள் நம் பங்கில் பலர் இருக்கின்றனர்.