மரமா, காந்தமா? மின்கிதாரின் நாதம் பிறந்த வரலாறு

வீணைக்குப் பலாமரம் என்பது நம் நாட்டின் நெடுநாளைய வழக்கு. தந்தியின் அதிர்வைக் குதிரை வாங்கிக் குடத்திற்கு அளிக்க, குடம் அதனைப் பெருக்கிக் காற்றில் பரப்புகிறது. அங்கே மரமே குரல். இவ்வழக்கில் ஊறிய செவி மின்கிதாரைக் கண்டாலும், 'இஃது எம்மரத்தால் ஆனது?' என்றே கேட்கும். கிதார் விற்கும் கடைகளிலும் இக்கேள்வி ஓயாது எழுகிறது. மரத்தின் பெயரைச் சொல்லியே விலையும் ஏற்றப்படுகிறது. ஆனால் அக்கருவியின் வரலாற்றைப் புரட்டினால், மின்கிதார் வளர்ந்ததே மரத்தின் வாயை அடைப்பதற்காகத்தான் என்று தோன்றும்.

1920களில் அமெரிக்க நடன அரங்குகளில் எக்காளங்களும் முரசுகளும் முழங்க, கிதாரின் மெல்லொலி எவர் காதிலும் விழவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜார்ஜ் போஷாம் என்னும் இசைஞர் இக்குறைக்கு ஒரு வழி கண்டார். குதிரைலாட வடிவான காந்தத்தினிடையே நுண்ணிய செப்புக் கம்பிச் சுருளை வைத்து, அதன் அருகே எஃகுத் தந்திகளைக் கட்டினார். தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசையும். அசையும் புலம் சுருளில் மின்னோட்டத்தை எழுப்பும். 1831இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மையே இது. இவ்வுறுப்புக்குத்தான் 'பிக்கப்' என்று பெயர். காற்றில் வரும் ஒலியை அது கேட்பதில்லை. எஃகின் அசைவை மட்டுமே உணர்கிறது. நைலான் தந்தியை அதன்மேல் எவ்வளவு மீட்டினாலும் அது வாளாவிருக்கும்.

1931இல் செய்த முதல் மாதிரிக்கு உடல் மேப்பிள் மரம். ஆனால் அடால்ப் ரிக்கன்பாக்கரின் கூட்டுறவுடன் 1932இல் விற்பனைக்கு வந்த கருவி வார்ப்பு அலுமினியத்தால் ஆயது. உருவம் நோக்கி அதனை 'வாணலி' என்றே அழைத்தனர். அதன் குறை நாதத்தில் அன்று. மேடை விளக்கின் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி கலைந்தது. எனவே 1935இல் பேகலைட்டாலும் ஒரு கருவி வந்தது. மரமே இல்லாமல் மின்கிதார் பாடியது என்பதற்கு இவையே சான்று.

1936இல் கிப்சன் நிறுவனம் வழக்கமான உட்குழிந்த கிதாரிலேயே பிக்கப்பைப் பொருத்தியது. சார்லி கிறிஸ்டியன் கையில் அது புகழ் பெற்றது. ஆயினும் ஒலிபெருக்கியின் முழக்கத்தைக் குழிந்த உடல் தானே வாங்கி அதிர்ந்து, மீண்டும் பிக்கப்புக்கே அனுப்ப, கருவி ஊளையிடத் தொடங்கும். வீணைக்கு வரமாய் வாய்த்த குணம் இங்கே சாபமாயிற்று.

இதற்கு மாற்றுத் தேடியவர் லெஸ் பால். 1940ஐ ஒட்டி நியூயார்க்கில் ஒரு பைன் கட்டையில் தந்தியும் பிக்கப்பும் பொருத்தி வாசித்தார். கட்டையைக் கண்ட மக்கள் மதிக்கவில்லை. வேறொரு கிதாரை இரண்டாக அறுத்து இருபுறமும் சிறகாக ஒட்டினார். உடனே பாராட்டு வந்ததாக அவரே பின்னாளில் கூறிவந்தார். செவியைக் கண் ஆளும் விதத்திற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

வானொலிப் பெட்டி பழுதுபார்த்து வந்தவரும், தமக்குக் கிதார் வாசிக்கத் தெரியாதவருமான லியோ பெண்டர் 1950இல் திண்ணிய உடல் கொண்ட கிதாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவர் பெரிதும் கையாண்டது ஆஷ் மரம். 1956 முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கருவிகளுக்குப் பெரும்பாலும் ஆல்டர். துளைகள் நிறைந்த ஆஷ் பலகைக்கு மெருகிடுமுன் நிரப்புப் பூச்சு வேண்டும், ஆல்டருக்கு அவ்வளவு உழைப்பு வேண்டா. இம்மாற்றத்தை நடத்தியது பட்டறைக் கணக்கே என்பது என் துணிபு. 1952இல் கிப்சன் வெளியிட்ட லெஸ் பால் கிதாரோ மகோகனி உடலும் மேப்பிள் மேற்பலகையும் கொண்டது.

இவ்விரு கருவிகளின் குரல் வேறுபாட்டை உலகம் நன்கறியும். அதற்கு மரத்தையே காரணம் கூறுவோர் பலர். ஆனால் 1957 முதல் கிப்சன் கருவிகளில் ஏறிய பிக்கப்பை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஒற்றைச் சுருள் மின்கம்பிகளின் இரைச்சலையும் வாங்கும். சேத் லவர் என்ற பொறியாளர் இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் சுற்றி, காந்தத் துருவங்களையும் மாற்றி வைத்தார். தந்தியின் ஒலி கூடிற்று. இரைச்சல் ஒன்றையொன்று அழித்தது. உடன்விளைவாக உச்ச ஒலிகளும் சற்றுக் குறைய, நாதம் தடித்துக் கனிந்தது. பிக்கப் நிற்கும் இடமும் பெரிது. குதிரையருகே வைத்தால் மேற்சுரங்கள் மிகுந்து கூர்மை பிறக்கும். கழுத்தருகே வைத்தால் உருண்ட ஒலி பிறக்கும். ஒரே மரத்தில், ஒரே தந்தியில் ஒரு விசையைத் தள்ளினாலே இம்மாற்றத்தைக் கேட்கலாம்.

அப்படியாயின் மரத்திற்குப் பங்கே இல்லையோ? உண்டு, ஆனால் சிறிது. தந்தியின் ஆற்றலை உடல் எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு விரைவில் சுரம் தேயும். திண்ணிய உடல் குறைவாகவே உறிஞ்சுகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அவர்கள் மின்மாண்டலினை மேற்கொண்டதும் சுரம் நீண்டு நின்று கமகம் பேசவேண்டும் என்பதற்காகவே. உடலின் எடை, கையில் அமரும் பாங்கு ஆகியவையும் வாசிப்பவர் உள்ளத்தைத் தொடும். அதனை எள்ளுதல் தகாது.

இவ்வழக்கைக் கிதார்ப் பிரியர்களின் வீண்வாதம் என்று ஒதுக்கிவிட இயலாது. கட்டில், கதவு, கிதார் என்று பலவற்றுக்கும் வெட்டப்பட்ட அமெரிக்கப் பெரிய இலை மகோகனி 2003 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் உள்ளது. 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதநிற வண்டு வட அமெரிக்க ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. அதனோடு மிசிசிப்பி ஆற்றுவெள்ளமும் மரம் வெட்டும் காலத்தைக் குறுக்கிற்று. 2020இல் பெண்டர் நிறுவனம் தன் வழக்கமான கருவிகளிலிருந்து ஆஷை விலக்குவதாக அறிவித்து, எஞ்சியதைச் சில பழைய மாதிரிகளுக்கென மட்டும் ஒதுக்கியது.