பள்ளியில் பாலியல் கொடுமை: வழக்குச் செலவு யார் தலையில்?

“கோர்ட்டுக்குப் போனா வக்கீல் ஃபீஸுக்கே வீட்டை வித்துடணும்ப்பா...” பள்ளியில் ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்தது தெரிந்ததும், பல வீடுகளில் முதலில் வரும் பேச்சு இதுதான். குற்றவாளிக்குச் சாதகமாகப் போவதும் இந்தப் பயம்தான். உண்மையில் சட்டம் என்ன சொல்லுது?

நம்ம ஊரில் நடந்தது

மதுரை பரவைக்கு அருகில் உள்ள பொதும்பு அரசுப் பள்ளியில், தலைமையாசிரியரே மாணவ, மாணவிகளைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதாக 2011-ல் புகார் எழுந்தது. போக்சோ சட்டம் வருவதற்கு முன்பு நடந்த சம்பவம் இது. 2018-ல் மதுரை நீதிமன்றம் அவருக்கு 55 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. தீர்ப்புக்கு ஏழு வருஷம். புகார் எழுந்தப்போ பள்ளியில் படித்தவர்கள் தீர்ப்பு வரும்போது காலேஜ் போகும் வயதுக்கு வந்திருப்பார்கள்.

அரசுக்கும் பொறுப்பு உண்டா?

அயர்லாந்தின் லூயிஸ் ஓ’கீஃப், 1973-ல் சிறுமியாக இருந்தபோது பள்ளித் தலைமையாசிரியரால் பாதிக்கப்பட்டவர். “பள்ளியை நடத்துவது தேவாலயம், நாங்கள் பொறுப்பல்ல” என்றது அரசு. 2008-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வழக்குச் செலவில் வீடே போய்விடுமோ என்ற பயத்தோடுதான் அவர் போராடினார். கடைசியில் 2014 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், குழந்தைகளைக் காக்க அரசு தவறிவிட்டது என்று சொல்லி, இழப்பீட்டோடு வழக்குச் செலவையும் தரச் சொன்னது.

இந்தியாவிலும் வழி இருக்கு. அரசு ஊழியரால் ஒருவரின் வாழ்வுரிமை பறிக்கப்பட்டால், அரசே இழப்பீடு தர வேண்டும் என்று 1993-ல் நிலபதி பெஹெரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது போலீஸ் காவலில் நடந்த மரணம் பற்றிய வழக்கு. ஆனால், அதே அடிப்படையில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். நம்ம பக்கத்து மக்களுக்கு மதுரைக் கிளையே இருக்கு.

பணம் எங்கே செலவாகும், எங்கே ஆகாது?

* கிரிமினல் கேஸ்: அரசு வழக்கறிஞரே நடத்துவார். உங்களுக்குச் செலவில்லை.
* சொந்த வக்கீல் வேண்டுமா? போக்சோ சட்டத்தின் 40-வது பிரிவு அதை அனுமதிக்குது. வசதி இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் தரணும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. 18 வயது தாண்டிய ஆண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள்; எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு அதுவும் இல்லை.
* இடைக்கால இழப்பீடு: எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு எப்போது வேண்டுமானாலும் சிறப்பு நீதிமன்றத்தில் கேட்கலாம். தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம்.
* குற்றவாளி விடுதலையானால்? குழந்தைக்குப் பாதிப்பு நடந்தது என்று நீதிமன்றம் கருதினால் அப்போதும் இழப்பீடு தரலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மாநில அரசு பணத்தைக் கொடுக்கணும்.
* சிவில் வழக்கு: இதில்தான் செலவு. கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் கூடும். சட்ட உதவி பெறுபவர்களுக்கு அந்தக் கட்டணத்தையும் ஆணைக்குழுவே ஏற்க முடியும்.

வருஷம் ஓடிடுச்சே?

போக்சோ குற்றங்களைப் பெரியவரான பிறகும் புகார் செய்யலாம், கால வரம்பு இல்லை என்று 2018-ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14. அதற்கு முந்தைய சம்பவங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். அதிலும் பெரிய குற்றங்களுக்குக் கால வரம்பு கிடையாது. ஆனால் சிவில் வழக்குக்கு வரம்பு உண்டு: பொதுவாக 18 வயது நிரம்பி மூன்று ஆண்டுகள். அதைத் தவறவிட வேண்டாம்.

முதல்ல என்ன செய்யணும்?

குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. பள்ளி தொடர்பான புகாருக்கு 14417. இலவச வக்கீலுக்கு 15100, அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், முகவரியை மீடியா வெளியிடுவது குற்றம். நீங்களும் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்யாதீங்க.